வருமான வரி மேல்முறையீடு: மூடிய விசாரணை கேட்பதா, திறந்த அவையிலேயே அந்தரங்கத்தைக் காப்பதா?

வருமான வரி மதிப்பீட்டு உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வருகிறவர்கள், கட்டணம் எவ்வளவு, முடிவதற்கு எத்தனை காலம் பிடிக்கும் என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு, எழுந்து போகும் நேரத்தில் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் கேட்பார்கள்: "இதையெல்லாம் நாலு பேர் முன்னாலா பேசுவார்கள்?" வங்கிக் கணக்கில் கட்டிய ரொக்கம், மனைவியின் நகை, தம்பிக்குக் கொடுத்த கைமாற்று, பாகம் பிரிந்தபோது வந்த தொகை என்று வரி வழக்கில் பேசப்படுவன பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தணிந்த குரலில் பேசப்படுபவை என்பதால், அந்தத் தயக்கத்தில் குறை காண முடியாது. விசாரணையின் எந்தக் கட்டம் வெளியாருக்குத் திறந்திருக்கிறது, அந்தரங்கத்தைக் காக்கச் சட்டம் தரும் வழிகள் எவை, அவற்றை எப்போது எப்படிக் கேட்பது என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம். கீழே தரப்படும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி 2025-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டிருப்பதால், தங்கள் வழக்குக்குப் பொருந்தும் சட்டத்தோடு எண்களை ஒப்பிட்டுக்கொள்வது அவசியம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மேல்முறையீட்டைக் கேட்கும் தீர்ப்பாயத்தின் விசாரணை திறந்துதான் இருக்க வேண்டும்; அதை மூடும்படி கேட்பது பெரும்பாலான வழக்குகளில் தேவையற்றது, கேட்டாலும் கிடைப்பது அரிது. தாமே எழுதிக் கொடுக்கும் தாள்களையும், அவற்றிலிருந்து எடுத்தெழுதப்பட்டு இணையத்தில் ஏறும் உத்தரவையும் பற்றித்தான் வரி செலுத்துவோர் கவலைப்பட வேண்டும். அந்தக் கவலைக்குரிய வேலை முதல் மேல்முறையீட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

எந்தக் கட்டத்தில் வெளியார் வரலாம்

முதல் மேல்முறையீடு ஆணையர் (மேல்முறையீடு) முன் செல்கிறது. விசாரணை நாளை மேல்முறையீட்டாளருக்கும் மதிப்பீட்டு அலுவலருக்கும் அறிவிக்க வேண்டும் என்றும், அவ்விருவருக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கும் பேசும் உரிமை உண்டு என்றும் 250-ஆம் பிரிவு சொல்கிறது. வெளியார் வந்து கேட்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2020 செப்டம்பர் 25 அன்று தொடங்கிய ஃபேஸ்லெஸ் முறைக்குப் பிறகு, பெரும்பாலான முதல் மேல்முறையீடுகளில் முடிவு செய்கிற அதிகாரி யார் என்பதே மேல்முறையீட்டாளருக்குத் தெரியாது. எல்லாம் வலைவாசல் வழியாக எழுத்தில் நடக்கிறது. நேரில் பேச வாய்ப்பளிப்பது 2020 திட்டத்தில் அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. 2021 டிசம்பர் 28 அன்று அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, கேட்டால் வாய்ப்புத் தர வேண்டும். ஆனால் அதுவும் காணொலி வழியாகத்தான். ஆக, இந்தக் கட்டத்தில் மூடிய விசாரணை கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

அடுத்த படி, 1941 ஜனவரி 25 முதல் இயங்கிவரும் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். இது நிதி அமைச்சகத்தின் கீழ் இல்லாமல் சட்ட அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது; வழக்கமாக நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் கணக்குத்துறை உறுப்பினர் ஒருவரும் சேர்ந்த அமர்வு வழக்கைக் கேட்கும். இந்தத் தீர்ப்பாயத்தின் 1963-ஆம் ஆண்டு விதிகளில் 33-ஆவது விதிதான் நம் கேள்விக்கு நேரடியான விடை. தீர்ப்பாயத்தின் நடவடிக்கைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று அது பொதுவிதியை வகுக்கிறது; குறிப்பிட்ட ஒரு வழக்கில் அவை திறந்திருக்க வேண்டாம் என்று தன் விருப்புரிமையில் ஆணையிடும் அதிகாரத்தையும் தீர்ப்பாயத்துக்குத் தருகிறது. இதோடு, 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, 1961 சட்டத்தின் 137-ஆம் பிரிவு ஆகியவை பொருந்தும் வழக்குகளுக்கும், 138(2)-இன் கீழ் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட வழக்குகளுக்கும் அது விலக்குத் தருகிறது. வருமானக் கணக்கு விவரங்களை இரகசியமாக வைத்திருந்த அந்த 137-ஆம் பிரிவு 1964-இலேயே நீக்கப்பட்டுவிட்டது; விதியில் மட்டும் பெயர் தங்கியிருக்கிறது. எனவே இன்று ஒரு சாதாரண வரி செலுத்துவோர் நம்பக்கூடிய வழி, அமர்வின் விருப்புரிமை ஒன்றுதான்.

260A பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும் மேல்முறையீடு மற்ற வழக்குகளைப் போலவே திறந்த நீதிமன்றத்தில் கேட்கப்படும். அங்கே பேசப்படுவது கணிசமான சட்டக் கேள்விகள் மட்டுமே என்பதால், நகைப் பட்டியலும் வங்கிப் பதிவுகளும் வரிக்கு வரி அலசப்படும் இடம் தீர்ப்பாயம்தான்.

திறந்திருப்பதால் யாருக்கு என்ன பயன்

மூடிய விசாரணை கேட்கும் முன், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். நீதிமன்றங்கள் திறந்து நடப்பதே பொதுவிதி, நீதியின் நலனுக்குத் தேவைப்படும் அரிய நேரங்களில் மூடிக்கொள்ளும் உள்ளார்ந்த அதிகாரமும் அவற்றுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 1966-இல் மிராஜ்கர் வழக்கில் கூறியது. அந்தக் கருத்துக்கு வரி வழக்குகளில் கண்கூடான பயன் உண்டு.

நகை வழக்குகளையே எடுத்துக்கொள்வோம். சோதனையின்போது மணமான பெண் ஒருவருக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆண் ஒருவருக்கு 100 கிராம் வரையிலான தங்க நகைகளைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1994 மே 11 அன்று 1916 என்ற எண்ணுள்ள அறிவுரையை வெளியிட்டது. அதன் வாசகம் பறிமுதலைப் பற்றியது மட்டுமே. பறிமுதல் செய்யாமல் விட்டாலும் கணக்கில் வராத முதலீடு என்று வரி போடலாம் என்பது துறையின் வாதமாக இருந்தது. நம் குடும்பங்களில் சீராகவும் மொய்யாகவும் பாட்டி கொடுத்ததாகவும் நகை சேரும் வழக்கத்தை ஏற்று, அந்த அளவுவரை விளக்கம் அளிக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று உயர் நீதிமன்றங்களும் தீர்ப்பாய அமர்வுகளும் வழக்குக்கு வழக்கு எழுதின. இன்று இத்தகைய நோட்டீஸுக்குப் பதில் எழுதும் எவரும் அந்த உத்தரவுகளை எடுத்துக்காட்ட முடிகிறதென்றால், அவை திறந்த அவையில் கேட்கப்பட்டு வெளியிடப்பட்டதால்தான். எல்லாம் மூடிய அறையில் முடிந்திருந்தால், முன்பு துறை தோற்ற வழக்குகளைத் துறை மட்டுமே அறிந்திருக்கும்; வரி செலுத்துவோர் ஒவ்வொருவரும் முதல் ஆளாக நின்று வாதாட வேண்டியிருக்கும்.

வரித் தகராறுகளைச் சமரசமாக முடித்துவைக்க 1976 முதல் 2021 ஜனவரி வரை இயங்கிய தீர்வு ஆணையத்தின் நடவடிக்கைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை அல்ல. சமரசம் பேசுமிடம் என்பதால் அதற்கு ஒரு நியாயம் இருந்தது என்றாலும், ஒரே மாதிரியான இருவர் ஒரே மாதிரி நடத்தப்பட்டார்களா என்று வெளியே இருப்பவர் எடைபோட அங்கே வழியிருக்கவில்லை. மேல்முறையீடு சமரசம் அன்று. அரசின் கணக்குச் சரியா என்று அரசைக் கேள்வி கேட்கும் இடம் அது.

மற்ற நாடுகள் இதைப் பல விதமாகத் தீர்த்திருக்கின்றன. ஜெர்மனியின் நிதி நீதிமன்றங்களில், வரி அதிகாரி அல்லாத தரப்பு கேட்டாலே பொதுமக்களை வெளியேற்றியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் வரி நீதிமன்றம் வழக்கமாக மூடிய அமர்வாகவே நடக்கிறது. ஆனால் தீர்ப்பு, வரி செலுத்துவோர் யார் என்று தெரியாதபடி வெளியிடப்படுகிறது. பிரிட்டனில் பழைய பொது ஆணையர்கள் மூடிய அறையில் கேட்ட வழக்குகள் 2009 முதல் தீர்ப்பாயத்துக்கு மாறின. இப்போது திறந்த விசாரணையே விதி. தனிவாழ்க்கை, இரகசியத் தகவல், பொது ஒழுங்கு, நீதியின் நலன் போன்ற காரணங்களைக் காட்டினால்தான் மூடலாம். வரியைக் குறைக்கும் திட்டம் ஒன்றில் சேர்ந்த புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர் ஒருவர், பெயர் வெளிவந்தால் தொழில் கெடும் என்று அங்கே 2012-இல் கேட்டுப் பார்த்தார். பெயர் கெடும் என்பது மட்டும் போதிய காரணம் ஆகாது என்று அவருக்கு மறுக்கப்பட்டது. நம் அமர்வுகளிலும் இந்தக் காரணம் எடுபடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இவற்றுள் தென்னாப்பிரிக்க முறையின் பாதியை, அதாவது பெயரை மறைத்துத் தீர்ப்பை வெளியிடும் பகுதியை மட்டும், நாம் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நகைத் தீர்ப்பு அடுத்தவருக்குப் பயன்படுவதற்கு அந்த நகை யாருடையது என்பது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

எது வெளியே போகிறது

தீர்ப்பாய அறைக்குள் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அச்சம் பாதி குறைந்துவிடும். பின் இருக்கைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் தத்தம் வழக்கு எண் கூப்பிடப்படுவதற்காகக் காத்திருக்கும் கணக்காயர்களும் வழக்கறிஞர்களும்தான். பேச்சும் "பேப்பர் புக் 47-ஆம் பக்கம், மூன்றாவது பதிவு" என்கிற தோரணையில் போகுமே தவிர, பேப்பர் புக் எனப்படும் அந்த ஆவணத் தொகுப்பு கையில் இல்லாதவருக்கு ஒன்றும் விளங்காது.

உத்தரவு அப்படிப்பட்டதன்று. அது தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் ஏறுகிறது; அங்கிருந்து இந்தியன் கானூன் போன்ற தளங்களுக்கும் போகிறது. பல உத்தரவுகளின் முதல் பக்கத்திலேயே மேல்முறையீட்டாளரின் பெயர், முகவரி, பான் எண் மூன்றும் இருக்கும். உள்ளே போனால், மதிப்பீட்டு உத்தரவின் பத்திகளும், ஆணையர் (மேல்முறையீடு) எழுதியவையும், வரி செலுத்துவோர் தாக்கல் செய்த எழுத்துவடிவ வாதமும் பக்கம் பக்கமாக அப்படியே எடுத்தெழுதப்பட்டிருக்கும். மூடிய கட்டத்தில் அதிகாரி ஒருவர் மட்டுமே படிப்பார் என்று நம்பி மனம்விட்டு எழுதிய கடிதம், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து மேற்கோளாக வெளியே வருவது இப்படித்தான். ஒருவருடைய வருமானக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், பெரும் பொதுநலன் காட்டப்படாதவரை அது தனிப்பட்ட தகவல் என்று தர மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது. அதே விவரம் தீர்ப்பாய உத்தரவுக்குள் வந்துவிட்டால் யாரும் மனுப்போடாமலேயே படிக்கலாம் என்பது விசித்திரம்தான்.

எழுதும்போதே செய்ய வேண்டியவை

முதல் மேல்முறையீட்டுக்கான 35-ஆம் எண் படிவத்தில் வழக்கின் விவரங்களுக்கு 1,000 சொற்களும், ஒவ்வொரு காரணத்துக்கும் 100 சொற்களும்தான் இடம். தீர்ப்பாயத்துக்கான 36-ஆம் எண் படிவத்திலோ, காரணங்கள் சுருக்கமாக, தனித்தனித் தலைப்பில், வாதமும் கதையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விதி 8 கட்டளையிடுகிறது. இந்தக் கட்டுப்பாடுகளை இடைஞ்சலாகக் கருதாமல் அரணாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். "மகளின் திருமணம் முறிந்தபோது சம்பந்தி வீட்டார் திருப்பித் தந்த 6 லட்சம்" என்று எழுத வேண்டிய இடத்தில், "குடும்ப உடன்பாட்டின்படி திரும்பப் பெற்ற தொகை ரூ. 6 லட்சம், உடன்பாட்டின் நகல் இணைப்பு 3" என்று எழுதினால் சட்டத்துக்குத் தேவையானது குறையாது. பணம் யாரிடமிருந்து வந்தது, அவரால் கொடுக்க முடிந்ததா, உண்மையில் கொடுத்தாரா என்ற மூன்றையும்தான் அமர்வு பார்க்கும். அவற்றுக்கு ஆவணம் விடை சொல்லட்டும்.

அதிகம் சறுக்கும் இடம், காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் பிரமாண வாக்குமூலம். ஆணையரின் உத்தரவு கிடைத்த மாதத்தின் இறுதியிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் உள்ள கணக்கு. தாமதமானால் போதிய காரணம் காட்ட வேண்டும். இரக்கம் வரட்டும் என்று எண்ணி, கணவன் மனைவிப் பிணக்கு, மனநல மருத்துவரைப் பார்த்தது, சாப்பிட்ட மாத்திரையின் பெயர் என்று எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடுகிறார்கள். அந்தப் பத்தி சொல் மாறாமல் உத்தரவின் இரண்டாம் பக்கத்தில் வந்து நிற்கும். அமர்வுக்கு வேண்டியது தேதிகளின் கோர்வை: எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செயல்பட இயலவில்லை, அதற்குச் சான்று என்ன, இயன்ற நாளிலிருந்து என்ன செய்தீர்கள். எனவே, "மேல்முறையீட்டாளர் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை மருத்துவச் சிகிச்சையில் இருந்தார், சான்றிதழ் இணைப்பு 2, அதன் உள்ளடக்கத்தை உத்தரவில் எடுத்தெழுத வேண்டாம் எனப் பணிவுடன் கோருகிறார்" என்று எழுதினால் போதும். உடல்நலக் குறைவு என்று பொத்தாம்பொதுவாக எழுதிச் சான்றையும் இணைக்காமல் விட்டால் மனு தள்ளுபடியாகும். வாக்குமூலத்தில் சுருக்கம், இணைப்பில் முழுமை என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

பேப்பர் புக் தயாரிக்கும்போதும் இதே கவனம் தேவை. ஆண்டு முழுவதற்குமான வங்கி அறிக்கையை இணைப்பதைவிட, சர்ச்சைக்குரிய பதிவுகள் உள்ள பக்கங்களை மட்டும் சேர்த்து அந்தப் பதிவுகளைக் குறியிட்டுக் காட்டலாம். வாடிக்கையாளர் பெயர்களும் விலைகளும் தொழிலின் உயிர்நாடி என்றால், அவர்களைக் க, ங, ச என்று குறியிட்டு, குறியீட்டுக்குரிய பெயர்ப் பட்டியலை அமர்வுக்கும் துறைப் பிரதிநிதிக்கும் தனியாகத் தரலாம். ஆனால் எதையேனும் மறைத்து நகலெடுத்தால், மறைத்தது எது, முழு ஆவணம் கீழ்நிலைப் பதிவேட்டில் எங்கே உள்ளது என்பதை அட்டவணையிலேயே குறிப்பிட்டுவிட வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அது அந்தரங்கம் என்ற பெயரை இழந்து உண்மையை ஒளித்தது என்ற பெயரைப் பெறும். முன்பு தாக்கல் செய்யாத புதிய ஆவணத்தைச் சேர்க்க, 29-ஆவது விதியின் கீழ் அமர்வின் அனுமதி தேவை என்பதையும் மறக்கக் கூடாது.

மனுச் செய்தே ஆக வேண்டிய வழக்குகள்

இவ்வளவு செய்தும் போதாத வழக்குகள் உண்டு. சர்ச்சையே ஒரு நோயைப் பற்றியதாக இருப்பது முதல் வகை. 80DDB பிரிவில் சிகிச்சைச் செலவுக்குக் கழிவு தரப்படும் நோய்களின் பட்டியலில் புற்றுநோயும் எய்ட்ஸும் இருக்கின்றன. கழிவு மறுக்கப்பட்டு வழக்கு வந்தால் நோயின் பெயரைச் சொல்லாமல் வாதிட முடியாது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுத் தனிச்சட்டத்தின் 34-ஆம் பிரிவு கைகொடுக்கிறது. அவர்கள் தரப்பாக உள்ள வழக்கில் புனைபெயரில் பதிவு செய்யவும், விசாரணையை முழுமையாகவோ பகுதியாகவோ மூடவும், அடையாளம் வெளியாவதைத் தடுக்கவும் ஆணையிடலாம் என்று அது சொல்கிறது. அந்தப் பிரிவு நீதிமன்றம் என்ற சொல்லை ஆள்வதால், தீர்ப்பாயத்தில் அதை 33-ஆவது விதியோடு சேர்த்தே மேற்கோள் காட்ட வேண்டும். தயாரிப்பு முறை, கலவை விகிதம் போன்ற தொழில் இரகசியத்தை விளக்கினால்தான் வழக்கு நிற்கும் என்பது இரண்டாம் வகை. வழக்கில் தரப்பாக இல்லாத குழந்தையின் நிலையோ, பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளமோ வெளிவரும் என்பது மூன்றாம் வகை. தொகை பெரிது, ஊரில் பெரிய மனிதர், உறவினர்களுக்குத் தெரிந்துவிடும் என்பவை இந்தப் பட்டியலில் சேரா.

மனுவுக்கென்று தனிப் படிவம் எதையும் 33-ஆவது விதி சொல்லவில்லை. வெள்ளைத் தாளில், வழக்கு எண்ணும் மதிப்பீட்டு ஆண்டும் குறித்து, பிரமாண வாக்குமூலம் இணைத்துப் பதிவகத்தில் தாக்கல் செய்து, ஒரு நகலைத் துறைப் பிரதிநிதிக்கும் தர வேண்டும். சென்னை அமர்வுகளில் இது ஆங்கிலத்தில்தான் இருக்கும். முதல் விசாரணைத் தேதிக்கு முன்பே தாக்கல் செய்வது நல்லது; வழக்கு கூப்பிடப்பட்டதும் எழுந்து வாய்மொழியாகக் கேட்டால், எதை மறைக்க வேண்டுமோ அதையே எல்லார் முன்னிலும் விளக்கும்படி ஆகிவிடும்.

மனுவின் உள்ளடக்கம் குறுகியதாக இருக்கட்டும். எந்தத் தகவல், அது எந்தப் பக்கங்களில் உள்ளது, வெளியானால் யாருக்கு என்ன கேடு, அந்தக் கேட்டுக்குச் சான்று என்ன என்று நான்கையும் சொல்லிவிட்டுக் கோரிக்கையைப் படிப்படியாக வைக்க வேண்டும். முதலில் கேட்க வேண்டியது மிகச் சிறியது: உத்தரவில் பெயருக்குப் பதில் முதலெழுத்து, பான் எண்ணையும் முகவரியையும் மறைத்தல், குறிப்பிட்ட இணைப்புகளை எடுத்தெழுதாமை. அது போதாதென்றால், அந்த இணைப்புகள் பற்றிய வாதத்தை மட்டும் பட்டியலின் கடைசியில் மூடிய அமர்வில் கேட்பது. முழு விசாரணையையும் மூடுவது கடைசி மாற்றுக் கோரிக்கையாக மட்டும் இருக்கட்டும். எல்லாவற்றையும் மூடச் சொல்லித் தொடங்குகிற மனுவை அமர்வு சந்தேகத்தோடு பார்க்கும்; குறுகிய கோரிக்கையை மறுப்பதற்குத்தான் காரணம் தேட வேண்டியிருக்கும். தனியுரிமை அடிப்படை உரிமை என்ற 2017-ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பை இங்கே துணைக்கு அழைக்கலாம். ஆனால் அதையே முழு மனுவாக்கிவிடக் கூடாது, ஏனென்றால் அந்த உரிமையும் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டதுதான்.

முத்திரையிட்ட உறையில் தருகிறேன், துறைக்குக் காட்ட வேண்டாம் என்று சிலர் கேட்கப் பார்ப்பார்கள். அது நடக்காது. எதிர்த்தரப்புக்குக் காட்டாத ஆவணத்தின்மேல் முடிவெடுப்பது இயற்கை நீதிக்கு முரண் என்று 2023 ஏப்ரலில் மீடியாஒன் வழக்கில் உச்ச நீதிமன்றம் முத்திரை உறை வழக்கத்தைக் கடுமையாக விமர்சித்திருக்கிறது. தவிர, அந்த விவரங்களில் பெரும்பகுதி துறையின் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. நம்முடைய கோரிக்கை பொதுமக்களைப் பற்றியது, துறையைப் பற்றியதன்று என்பதை மனுவிலேயே தெளிவாக எழுதிவிட்டால் துறைப் பிரதிநிதி எதிர்ப்பதற்கான காரணமும் குறையும்.

விசாரணை நாளில்

தங்கள் வழக்குக்கு முன்பாக ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவதைப் பரிந்துரைக்கிறேன். திறந்த அவை என்பதால் யாரும் போகலாம். அன்றைய வழக்குப் பட்டியல் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் கிடைக்கும். கைபேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் அமர வேண்டும். ஒலிப்பதிவு, படப்பிடிப்பு எதுவும் கூடாது.

சொந்த வழக்கு நாளில், மனு நிலுவையில் இருப்பதைப் பிரதிநிதி முதலில் அமர்வின் கவனத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் ஆணை பெற்ற பிறகே வாதத்தைத் தொடங்க வேண்டும். மனு தள்ளுபடியானாலும் வழி இருக்கிறது. உறுப்பினர்கள் கையில் பேப்பர் புக் இருக்கும். நுண்ணிய விவரத்தை வாய்விட்டுப் படிக்காமல், "56-ஆம் பக்கத்தின் இரண்டாம் பத்தியைப் பார்வையிட வேண்டுகிறேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அனுபவமுள்ள பிரதிநிதிகள் இதை இயல்பாகவே செய்வார்கள். செய்யாதவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மேல்முறையீட்டாளர் தாமே வாதிடுவதானால், கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லப் பழகிக்கொள்வது பாதுகாப்பு.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவு கைக்கு வந்ததும் முடிவு என்ன என்று கடைசிப் பத்தியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மறைக்கச் சொன்னவை மறைக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். அமர்வு ஒப்புக்கொண்ட ஒன்று கவனக்குறைவால் இடம்பெற்றிருந்தால், உடனே பதிவகத்துக்கு எழுதி, 254(2)-இன் கீழ்ப் பிழைதிருத்த மனுவும் தாக்கல் செய்யலாம். அதற்கு உத்தரவு பிறந்த மாதத்தின் இறுதியிலிருந்து ஆறு மாத அவகாசம் உண்டு. எதுவுமே கேட்காமல் விட்டுவிட்டு, இணையத்தில் பார்த்த பிறகு நீக்கச் சொல்வது கடினமான பாதை. குற்ற வழக்கொன்றில் விடுதலையானவரின் பெயரை வெளியிடப்பட்ட தீர்ப்பிலிருந்து மறைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 பிப்ரவரியில் ஆணையிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது. விடுதலையானவருக்கே இந்த நிலை என்றால், வரி வழக்கில் நகல்கள் பல தளங்களுக்குப் போன பிறகு மறைக்கச் சொல்லி வெல்வது எவ்வளவு பாடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தீர்ப்பாயத்தில் பாதுகாப்புக் கிடைத்து, துறையோ நீங்களோ உயர் நீதிமன்றம் செல்ல நேர்ந்தால், அந்தப் பாதுகாப்பு தானாகப் பின்தொடராது. 260A மேல்முறையீட்டுக்கான 120 நாள் அவகாசத்துக்குள் துறையின் மனு வந்து உங்களுக்கு அறிவிப்புக் கிடைத்ததும், தீர்ப்பாயத்தின் ஆணையை இணைத்து, வழக்குத் தலைப்பிலும் தட்டச்சு ஆவணத் தொகுப்பிலும் அதே மறைப்பைத் தொடரும்படி அங்கே தனியாக மனுச் செய்ய வேண்டும். மனுவின் மேல் ஆணை வரும்வரை தொகுப்பைப் பதிவேற்ற வேண்டாம் என்று வழக்கறிஞரிடம் எழுத்தில் சொல்லிவிடுவதும் நல்லது.